ஒரு படி தவிடு

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு முப்பத்தொரு பெண் குழந்தைகள் வரிசையாகத் தேர்வு அறைக்குள் போனார்கள். கடைசியாகப் போனவள் பிச்சாயி. கதவைச் சாத்துவதற்கு முன் அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று ருக்குமணி எதிர்பார்த்தாள். பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது என்று உடனே தோன்றியது. திரும்பிப் பார்க்கிற குழந்தையை யாராவது கவனிப்பார்கள், யாரைப் பார்க்கிறது என்று அந்தப் பார்வை போகிற வழியே தேடி வருவார்கள், வந்தால் வழியின் முடிவில் பச்சைப் புடவையும் இரவல் ஸ்வெட்டருமாக இவள் நின்றுகொண்டிருப்பாள். அப்படி அகப்படாமல் இருக்கத்தான் ஒன்பதரை வருடமாகப் பழகியிருக்கிறாள். பேருந்தில் இவள் முன் இருக்கையில் உட்கார்ந்தால் பிள்ளை பின்னால் நர்ஸ் எஸ்தரோடு உட்காரும். கல்யாணப் பந்தியில் இரண்டு இலை தள்ளி உட்காரும். இவளை அக்கா என்று கூப்பிடும். பல்லடத்தில் பழைய ஆட்களுக்கு விஷயம் தெரியும், தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். கோத்தகிரியில் யாருக்கும் தெரியாது, தெரியாதவர்கள்தான் கேட்பார்கள். கேட்பதற்கென்றே நாலு பக்கத்தில் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

நடைக்கூடம் நீளமாக, மரத்தளம் போட்டு, மெழுகு வாசனையோடு இருந்தது. யாராவது நடந்தால் பலகை உடனே முனகவில்லை. அவர்கள் கடந்துபோய் ஒரு நொடி கழித்து முனகியது. ஆள் முன்னால் போக, சத்தம் பின்னால் வந்தது. ருக்குமணிக்கு அது பிடிக்கவில்லை. ஹேசல்மீட் பெண்கள் பள்ளி ஒரு காலத்தில் தேயிலைத் துரை யாருடையதோ பங்களாவாம், விவரப் புத்தகத்தில் போட்டிருந்தது. துரையின் பிள்ளைகள் இங்கே இருந்திருக்குமா, இருந்தவை எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்திருக்குமா, மலைப் பாதையில் வரும்போது ஒரு வளைவில் பார்த்த பழைய கல்லறைகளில் இரண்டு ஏன் அத்தனை சின்னதாக இருந்தன. அந்த இடத்தில் நினைப்பைப் பிடித்து நிறுத்தினாள். பெஞ்சுகளில் மற்றப் பெற்றோர் சால்வையும் கோப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். மூடுபனி ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. கணவன் சென்னியப்பன் கீழே வண்டியிலேயே இருந்துவிட்டான். அவன் நடத்துகிற கோழித் தீவனக் கிடங்குக்குச் சனிக்கிழமை லாரி வரும் நாள், போனில் பேசி முடிக்க வேண்டும், கூப்பிட்டால் வருகிறேன் என்றான். கூப்பிட்டால். எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் வந்து முட்டுகிறது.

பக்கத்தில் எஸ்தர் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றினாள். பல்லடத்தில் இருபத்தெட்டு வருடம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எனக்கு அறுபத்திரண்டு. பிள்ளைக்கு ஒம்பதரை. கழிச்சுப் பாரு ருக்கு," என்றாள். "அம்பத்திரண்டரை வயசுல பெத்திருக்கேன். நானே பெத்து நானே பிரசவம் பாத்துக்கிட்டேன்னுதான் சொல்லணும்."

"மெதுவாப் பேசுங்க சிஸ்டர்."

"நான் மெதுவாப் பேசி என்ன பண்ண? பாரத்துல எழுதிக் குடுத்தது நீயில்லா?"

எழுதியது அவள்தான். தாயின் பெயர் என்று போட்டுப் பக்கத்தில் கோடு விட்டிருந்த இடத்தில், எஸ்தர் ஜெபமணி. பேனா ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோதும் அப்படித்தான் எழுதினாள், அந்தத் தலைமையாசிரியர் படித்துப் பார்த்து, தவிட்டுக்குக் குடுத்த புள்ளைங்களா என்று மட்டும் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். இங்கும் குத்திவிடுவார்கள் என்று நினைத்தது பிசகு. பதிவுத் தபாலில் அனுப்பிய பிறகுதான் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பியது நினைவு வந்தது, அதில் அரசாங்கம் ருக்குமணி என்று எழுதியிருக்கிறது. பிள்ளையின் பெயரைத்தான் பிறந்த மூன்றாம் நாள் சிஸ்டரே போய்ப் பிச்சாயி என்று பதிந்தாள். தாய் பெயரை மாற்ற முடியாது, அது ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே ஏறிவிட்டது என்றாள். பதினைந்து நாளில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது: தேர்வு நாளன்று படிவத்தில் கண்ட தாய் நேரில் வர வேண்டும். அதனால்தான் எஸ்தர் வந்திருக்கிறாள். நாலு மணி நேரம் வண்டியில், மூன்று இடத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு, பிள்ளையின் தாயாக.

ருக்குமணி பி.காம். படித்தவள். கிடங்கின் வரிக் கணக்கைத் தானே போடுகிறவள். தினம் காலையில் செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசிக்கிறவள். நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், சொல்லியும் இருக்கிறாள். மஞ்சள் காமாலைக்கு ஈரல் காரணம், மூளைக் காய்ச்சலுக்குக் கொசு காரணம், கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னது எப்படிக் காரணமாகும். மூத்தவள் சௌந்தர்யா, தொண்ணூற்றொன்பதில் பிறந்து இரண்டாயிரத்து நாலில் போனவள், ஐந்து வயது. அடுத்தவன் கிரிதரன், இரண்டாயிரத்து மூன்றில் பிறந்து ஏழில் போனவன், நாலு வயது. இரண்டு பேரும் கடைசியாக அம்மா என்று கூப்பிட்டார்கள். இரண்டு தடவையும் கூப்பிட்ட உடனே, மூச்சு விடுகிற நேரம்கூட எடுக்காமல், என்ன கண்ணு என்றாள். அவ்வளவுதான் நடந்தது. சாகிற குழந்தை வேறு யாரைக் கூப்பிடும், பெற்றவள் வேறு எப்படிப் பதில் சொல்வாள், உலகத்தில் எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதானே. தெரியும். தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதும் தெரியும். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தரத்துக்கு ஏன் என்று கேட்கக் கூடாது, இரண்டாம் தரத்துக்கும் கூடாது, மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் அது மனிதக் குரல் என்பார்கள். அது மூன்று தரம் கூப்பிடாது. அதுக்கு அவள் வேறு பேர் வைக்கவில்லை. எருமையும் கயிறுமாக ஒரு உருவத்தைக் கற்பனை செய்ய வரவில்லை. அவள் மனசுக்குள் அது கூரியர்க்காரனைப் போல வரும், கையில் விலாசம் வைத்திருக்கும், வெயிலில் நின்றுகொண்டு மரியாதையாக விசாரிக்கும். பிள்ளை பேர் என்ன. அம்மா பேர் என்ன. இரண்டும் சரியாக இருந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப் போகும். இந்தப் பள்ளியின் படிவம் வந்த அன்று அதைப் பிரித்தவள் அரை மணி நேரம் கையில் எடுக்காமலே மேஜை மேல் வைத்திருந்தாள். பிள்ளை பேர் என்ன. அம்மா பேர் என்ன. பிறந்த நேரம். அங்க அடையாளம் இரண்டு. ரத்தப் பிரிவு. இதுவரை கண்ட நோய்கள். உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்பதற்கு இல்லை என்று எழுதினாள்; இல்லை என்பது உண்மைதான், எழுதி முடித்த பிறகு அந்த மூன்று எழுத்தும் காகிதத்தில் ரொம்ப நேரம் ஈரமாகவே இருந்ததைப் போல இருந்தது.

"உங்க பொண்ணு அஞ்சாவதுக்குங்களா?" எதிர் பெஞ்சிலிருந்த பெண் கேட்டாள். கோயம்புத்தூர்க்காரியாக இருக்க வேண்டும், கையில் இரண்டு செல்போன்.

"எங்ககூட வந்த புள்ளைங்க. அஞ்சாவதுக்குத்தான்."

"ஓ. உங்க சொந்தக்காரங்க புள்ளைங்களா?"

"ஆமாங்க, சொந்தந்தான்."

எஸ்தர் காப்பியை வாயில் வைத்தபடி சிரித்தாள். அந்தப் பெண் தன் மகள் ஹிந்தி, பியானோ, நீச்சல் எல்லாம் கற்றுக்கொள்வதைச் சொல்ல ஆரம்பித்தாள். ருக்குமணி தலையாட்டினாள். பிள்ளையின் பேரைக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தாள். பேரைச் சொன்னால் இன்னொரு தரம் சொல்லச் சொல்வார்கள், அப்புறம் பழைய காலத்துப் பேருங்க, நல்லா இருக்கு என்பார்கள். அழகான பேராக வைத்ததெல்லாம் போய்விட்டது. எவரும் விரும்பி எடுத்துப் போகாத பேராக இருக்கட்டும் என்று வைத்தது. ஊர்ப் பள்ளியில் பசங்கள் பிச்சை, பிச்சை என்று தட்டு நீட்டிக் காட்டினார்களாம். அவள் அழவில்லையாம், ஒருத்தன் தட்டில் பாதி கடித்த கொய்யாவை வைத்து, இன்னைக்கு இவ்வளவுதான், நாளைக்கு வா என்றாளாம். எஸ்தர்தான் வந்து சொன்னாள். இவளிடம் பிள்ளை எதையும் வந்து சொல்வதில்லை. இவளும் கேட்பதில்லை. சோறு போடுவாள், தலை பின்னுவாள், பின்னும்போது பின்னால் உட்கார்ந்திருப்பதால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கழுத்தின் பின்புறத்தில் வலப்பக்கமாக உள்ள மச்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டே பின்னலாம். அங்க அடையாளம் ஒன்று. அதைக்கூட எழுதும்போது இடப்பக்கம் என்றுதான் எழுதினாள்.

தவிட்டுக்கு விற்றது ஆஸ்பத்திரியிலேயே, அதே மூன்றாம் நாள். தொடர்ந்து பிள்ளை தங்காவிட்டால், பிறந்ததை ஒரு படி தவிட்டுக்கு வேறு ஒருத்திக்கு விற்றுவிடுவது. அப்புறம் அது அவள் பிள்ளை, பெற்றவள் வீட்டில் சும்மா வளர்கிறது, தேடி வருவது இங்கே உன் பிள்ளை எது என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிடலாம். வாங்குகிறவள் வேறு ஆளாக இருக்க வேண்டும், வேறு சாமி கும்பிடுகிறவளாக இருந்தால் இன்னும் நல்லது என்றார்கள். எஸ்தர் டியூட்டியில் இருந்தாள். இதெல்லாம் பாவம், எங்க சபையில் கேட்டா என்னை நிறுத்தி வெச்சுக் கேள்வி கேப்பாங்க என்று திட்டிக்கொண்டே கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஆனால் அவளிடம் தவிடு இல்லை. குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிற நர்சிடம் தவிடு எப்படி இருக்கும். சென்னியப்பன் ஓடிப்போய்த் தன் கிடங்கிலிருந்தே ஒரு படி அள்ளிக்கொண்டு வந்தான். அதை எஸ்தர் கையில் கொடுத்தான். எஸ்தர் அதை அவன் துண்டிலேயே திருப்பிக் கொட்டி, பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அப்போது எல்லாரும் சிரித்தார்கள், ருக்குமணியும் தையல் வலியோடு சிரித்தாள். மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தத் தவிடு நினைவுக்கு வந்தது. தன் தவிட்டைத் தானே வாங்கிக்கொண்டு பிள்ளையை விற்றால் அது விற்றதாகுமா. வாங்குகிறவள் கையிலிருந்து ஒரு பிடிகூட வரவில்லையே. அப்படியானால் பிள்ளை இன்னும் யாருடையது. அன்று தொடங்கியது. ஒன்பது வருடமாக அந்த ஒரு படி அவள் தலைக்குள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் போய்க்கொண்டிருக்கிறது. சென்னியப்பனிடம் கேட்டாள். அதெல்லாம் செல்லும் புள்ள, சாட்சி இருக்குதல்ல என்றான். யாருக்குச் சாட்சி, எந்தக் கோர்ட்டில். எஸ்தரிடம் கேட்கவே இல்லை. கேட்டு, ஆமாம், அது செல்லாது என்று அவள் சொல்லிவிட்டால்?

பெஞ்சுக்கு மேலே சுவரில் பழைய மாணவிகளின் வகுப்புப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், நாலு வரிசை. பேர் எழுதவில்லை, ஆண்டு மட்டும். அவளுக்கு இந்தப் பள்ளியில் பிடித்ததே அதுதான். விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலுக்குக் கீழே போட்டிருந்தார்கள்: இரும்புப் பெட்டி ஒன்று, கம்பளி இரண்டு, உள்பாவாடை ஆறு, எல்லாத் துணியிலும் சலவை எண்ணைச் சிவப்பு நூலால் தைக்க வேண்டும், பெயர் எழுதக் கூடாது. பெயர் எழுதக் கூடாது. அந்த வரியை அவள் பலமுறை படித்தாள். சென்னியப்பனிடம் இங்கிலீஷ் நன்றாக வரும் என்றாள், டாக்டருக்குப் படிக்கலாம் என்றாள், மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்றாள். நிஜத்தில் அவள் பார்த்தது நூற்றிருபது பெண்கள் ஒரே சட்டையில், ஒரே பின்னலில், எண்களாகத் தூங்குகிற ஒரு கூடம். விலாசத்தோடு வருகிறவன் அங்கே வந்து யாரைக் கேட்பான்.

இந்த முடிவுக்கு வந்தது மாட்டுப் பொங்கலன்று. ஜனவரி பதினைந்து, திங்கட்கிழமை, மத்தியானம் மூன்று மணி. பிச்சாயி இரண்டு நாள் காய்ச்சலில் உள்அறைக் கட்டிலில் படுத்திருந்தாள். தெருவில் மாட்டுக்கு மணி கட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள், யாரோ சீனி வெடி வெடித்தார்கள். ருக்குமணி கஞ்சிக் கிண்ணத்தோடு நிலைப்படியில் கால் வைத்தபோது பிள்ளை கண்ணைத் திறக்காமல் அம்மா என்றது. எஸ்தரை எஸ்தரம்மா என்றுதான் கூப்பிடும். இது வெறும் அம்மா. ஒன்பதரை வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் அப்படி வந்ததில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. கிண்ணம் சுட்டது. பதில் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, என்ன கண்ணு என்று, அதே இரண்டு சொல், இரண்டு தடவை சொல்லித் தேய்ந்த அதே இரண்டு சொல். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை இன்னொரு தரம் அம்மா என்றது, இப்போது கொஞ்சம் சன்னமாக. இரண்டு. ருக்குமணி நிலைப்படியில் நின்றபடியே எண்ணினாள். மூன்றாவது தரம் கூப்பிடு, மூன்றாவது தரம் கூப்பிட்டால் வந்துவிடுகிறேன், ஒரே ஒரு தரம் கூப்பிடு. கூப்பிடவில்லை. தூங்கிவிட்டது. கஞ்சி ஆறி ஆடை படிகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள், தூங்குகிறதுதானா என்று கிட்டே போய்ப் பார்க்கவும் தைரியம் இல்லாமல், போர்வை ஏறி இறங்குவதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு. மறுநாள் காய்ச்சல் விட்டது. மறுநாளே படிவத்துக்கு எழுதிப் போட்டாள். பிள்ளை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தூக்கத்தில் கூப்பிட்டிருந்தால் நினைவிருக்காது. தூக்கத்தில்தான் கூப்பிட்டதா?

"சிஸ்டர்," என்றாள் ருக்குமணி. தான் கேட்கப்போவது அவளுக்கே தெரியாமல் இருந்தது. "அந்தத் தவுடு நம்ம கெடங்குத் தவுடுங்களே. அது செல்லுங்களா?"

எஸ்தர் மூடியிலிருந்த கடைசிச் சொட்டைத் தரையில் உதறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இத்தனை வருசமா இதையா மனசுக்குள்ள போட்டு அரைச்சுக்கிட்டு இருந்தே?"

"கேக்கறேன். சொல்லுங்க."

"அன்னைக்கு டியூட்டி முடிஞ்சு போகையில கடைவீதியில ஒரு படி வாங்கி உங்க மாட்டுத் தொட்டியில கொட்டிட்டுத்தான் போனேன். உம் மாடு தின்னுச்சு. போதுமா?"

"நெசமாவா?"

"எம் புடவையப் பாரு. கோவிலுக்குக் கட்டுற புடவை. இதைக் கட்டிக்கிட்டு நான் இன்னைக்கு ஒரு பொய்தான் சொல்றதா வந்திருக்கேன், ரெண்டு சொல்ல மாட்டேன்."

ருக்குமணி அந்தப் புடவையைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத வெள்ளை. எஸ்தர் பொய் சொல்லும்போதும் நிஜம் சொல்லும்போதும் ஒரே குரலில்தான் பேசுவாள், அதனால்தான் பிரசவ அறையில் எல்லாருக்கும் அவள் வேண்டியிருந்தது. அந்த மாடு செத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது. கேட்கவும் முடியாது.

பதினொன்றே காலுக்கு ஒரு பெண் வந்து, பிச்சாயி பேரன்ட்ஸ் என்று கூப்பிட்டாள். முதல் தரம். ருக்குமணி எழுந்திருக்கவில்லை. பிச்சாயி பேரன்ட்ஸ் என்று இன்னொரு தரம் கூப்பிட்டாள். எஸ்தர்தான் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள். நடக்க நடக்கப் பலகை பின்னால் முனகிக்கொண்டு வந்தது.

பிரின்சிபல் வத்சலா மேனன் ஒல்லியான அம்மாள், முப்பது வருடம் மலையில் இருந்து தமிழைச் சுத்தமாகப் பேசக் கற்றிருந்தார். மேஜையில் படிவமும் சான்றிதழும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"இதில் தாய் எஸ்தர் ஜெபமணி. இதில் தாய் ருக்குமணி. யார் ருக்குமணி?"

"நானுங்க."

"எஸ்தர்?"

"நான்தான் மேடம்."

அவர் எஸ்தரின் நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தத்து எடுத்திருக்கிறீர்களா?"

"இல்லை மேடம். வாங்கினது."

"வாங்கியதா? யாரிடமிருந்து?"

"இவகிட்ட இருந்துதான்."

"எவ்வளவுக்கு?"

"ஒரு படி தவிட்டுக்கு."

அவருடைய கை மெல்ல டெலிபோன் பக்கம் நகர்ந்தது. ருக்குமணி பேச ஆரம்பித்தாள். சௌந்தர்யா என்ற பேரையும் கிரிதரன் என்ற பேரையும் பல வருடங்களுக்குப் பிறகு வெளி ஆளிடம் சொன்னாள், வருடத்தைச் சொன்னாள், நோயைச் சொன்னாள், வழக்கத்தைச் சொன்னாள், வரிக் கணக்கை ஆடிட்டருக்கு ஒப்பிப்பதைப் போல ஒன்றன் பின் ஒன்றாக. கை டெலிபோனிலிருந்து திரும்பி வந்தது.

"கேள்விப்பட்டிருக்கிறேன்," என்றார் பிரின்சிபல். "நான் அதைத் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே அவளுக்கு உடம்புக்கு வந்தால், ஆபரேஷன் என்று வந்தால், சட்டப்படி தாய் யாரோ அவரைத்தான் நான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அவர் வர வேண்டும். ஆறு இடத்துக்கு முப்பத்தொரு பிள்ளைகள் எழுதுகிறார்கள். உங்கள் பிள்ளை ஊர்ப் பள்ளியில் வாங்கிய மார்க் நன்றாக இருக்கிறது. இந்தப் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முடியாது என்றால் நான் அடுத்த படிவத்தை எடுக்க வேண்டும்."

பேனாவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். ருக்குமணி வாங்கவில்லை. எழுதினால் விலாசம் பூர்த்தியாகிவிடும். பிள்ளை பேர், அம்மா பேர், இரண்டும் சரி. எழுதாவிட்டால் பிள்ளை இன்றைக்கு அவளோடு திரும்பி மலை இறங்கும், அதே வீட்டுக்கு, அதே கட்டிலுக்கு, அடுத்த காய்ச்சலுக்கு. ஒளித்து வைக்க வந்த இடத்தில் ஒளித்து வைப்பதற்குக் கட்டணமாக உண்மையைக் கேட்கிறார்கள். பதினொன்று நாற்பதுக்கு மணி அடித்தது. நடைக்கூடத்தில் முப்பத்தொரு ஜோடிக் கால்களும் அவற்றின் பின்னால் பலகைச் சத்தமும் கேட்டன. ஆயா ஒருத்தி பிச்சாயியைக் கூட்டிக்கொண்டு வந்து மேஜைக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போனாள். விரலில் மை. பின்னலில் ஒன்று அவிழ்ந்திருந்தது.

"உன்னோடு வந்திருக்கிறார்களே, இவர்கள் யார் என்று சொல்கிறாயா?" என்றார் பிரின்சிபல்.

பிச்சாயி எஸ்தரைப் பார்த்தாள். பிறகு ருக்குமணியைப் பார்த்தாள். பயந்த மாதிரி இல்லை. பரீட்சையில் கேள்வி புரியாதபோது கண்காணிப்பாளரைக் கேட்கிற பிள்ளையைப் போல, அடங்கிய குரலில் கேட்டாள்:

"எதைச் சொல்றதுங்கக்கா?"

ருக்குமணியின் காதில் அந்தக் கேள்வி விழுந்து, விழுந்த இடத்திலிருந்து பின்னோக்கி உருண்டு போயிற்று. இரண்டு பதில் இருக்கிறது என்று இவளுக்குத் தெரியும். எப்போதிலிருந்து. பின் இருக்கையில் உட்கார்ந்தபோதே தெரியுமா, இரண்டு இலை தள்ளி உட்கார்ந்தபோதே தெரியுமா, பின்னும்போது திரும்பாமல் கழுத்தை நேராக வைத்துக்கொண்டாளே அப்போதா. யாராவது ஊரில் சொல்லியிருப்பார்கள், ஊர் என்றால் சொல்லாமல் இருக்குமா. தெரிந்துகொண்டு அக்கா, அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள், கூடப்பிறந்தவளைப் போல. அப்படியானால் மாட்டுப் பொங்கலன்று அது தூக்கம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, காய்ச்சலைச் சாக்காக வைத்துக்கொண்டு, ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். கேட்கவில்லையோ என்று இரண்டாம் தரம் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நிலைப்படியில் ஆள் நிற்பது மூடிய இமைக்கு உள்ளேயும் தெரிந்திருக்கும், கஞ்சி வாசனை வந்திருக்கும். மூன்றாவது தரம் கூப்பிடாமல் நிறுத்திக்கொண்டது யார் சொல்லி. மனிதர்களும் இரண்டு தரத்தோடு நிறுத்திக்கொள்வார்கள் என்று அந்த வழக்கத்தை உண்டாக்கியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ருக்குமணி பேனாவை வாங்கினாள். எஸ்தர் ஜெபமணி என்பதன் மேல் ஒரு கோடு போட்டாள். கோடு நேராக வந்தது. மேலே ருக்குமணி என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அங்க அடையாளம் என்ற இடத்துக்கு வந்து, இடப்பக்கம் என்பதை அடித்து வலப்பக்கம் என்று திருத்தினாள். எதற்கு அதைத் திருத்துகிறாள் என்று பிரின்சிபலுக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. உடன்பிறந்தோர் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு மூடிவிட்டாள்.

பிச்சாயி தலைகீழாகத் தெரிந்த எழுத்தைக் கழுத்தைச் சாய்த்துப் படித்தாள்.

"அப்ப இனிமே கூப்புடலாமுங்களா?"

"இங்க வேண்டாம்," என்றாள் ருக்குமணி. "நம்ம ஊட்டுலயும் வேண்டாம். இங்க வந்து சேர்ந்ததுக்கப்புறம், போன்ல கூப்புடு."

"ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரைக்கும்," என்றார் பிரின்சிபல், படிவத்தைக் கோப்பில் வைத்தபடி. "ஆளுக்கு மூன்று நிமிடம். இடம் கிடைத்தால்."

வெளியே வந்ததும் எஸ்தர் பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. "என்னைத் தள்ளுபடி பண்ணிட்டா உங்க அக்கா," என்று பிள்ளையிடம் சொன்னாள். "எந் தவுட்டை இப்ப யாரு திருப்பித் தருவா?"

"எங்கப்பா கெடங்குல நெறைய இருக்குது எஸ்தரம்மா," என்றாள் பிச்சாயி. "ஒரு மூட்டையாவே எடுத்துக்கங்க."

ருக்குமணி அவர்களுக்கு முன்னால் நடந்தாள். பலகை அவளுக்குப் பின்னால் முனகியது. அது பிள்ளையின் காலடியா, எஸ்தரின் காலடியா, இரண்டுமே இல்லாத இன்னொன்றா என்று எண்ணிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. படி இறங்கும் இடத்தில் ஒரு சின்னக் கை வந்து அவள் ஸ்வெட்டரின் நுனியைப் பிடித்தது. வழுக்கும் என்பதற்காக இருக்கலாம். அவள் அதை விடுவிக்கவில்லை.

2018 ஜூன் 4, திங்கட்கிழமை, பிச்சாயி ஹேசல்மீட் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். சலவை எண் 87. ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை 4.20-க்குப் பல்லடம் வீட்டுக்கு முதல் அழைப்பு வந்தது. பிள்ளை அம்மா என்றது. ருக்குமணி முதல் தரத்திலேயே, என்ன கண்ணு என்றாள். பிறகு, ஒரு நிமிசம் இரு என்று சொல்லிவிட்டு, போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, மீதி இரண்டு நிமிடமும் பேசினாள்.